நாணம் காக்குமா?

மலேசியாவில் குடும்பத் திட்டச் சட்டம் இயற்றப்பெற்ற ஆண்டு 1966. கெடாவின் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. பால்மரம் வெட்டிய குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தன. மூட்டை முடிச்சுகளோடு வதந்தியும் உடன் வந்தது. கருத்தடை என்றாலே, "கருப்பை கெட்டுவிடும்" என்பார் ஒருவர். "கவலையே வேண்டா" என்பார் மற்றொருவர். இரண்டும் பொய்.

2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஹார்மோன் ஒட்டுப்பட்டையையே எடுத்துக்கொள்வோம். வாரத்திற்கு ஒன்றாக மூன்று வாரம் தோலில் ஒட்டி, நான்காம் வாரம் விடுதல் முறை. முறை பிசகாதவருள் ஓராண்டில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே கருவுறுவர். நடைமுறையிலோ ஏறத்தாழ 7 பேர். எடை 90 கிலோவைத் தாண்டின் பயன் குறையலாம். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் மருந்தும் அதன் வலிமையைக் குன்றச் செய்யும்.

ஈஸ்ட்ரோஜன் கலந்திருப்பதால் குருதிக்கட்டி உண்டாகும் வாய்ப்புச் சற்றே உயர்கிறது. முன்பே குருதிக்கட்டி கண்டவரும், உயர் இரத்த அழுத்தம் உடையவரும், 35 வயது கடந்தும் புகைப்பவரும் இதைத் தவிர்த்தல் வேண்டும். ஏனைய பெண்களுள் பெரும்பாலோர்க்கு அஞ்சத் தக்கதன்று.

இவற்றைக் கேளாமல் கொடுப்பது அலட்சியம். விளக்காமல் அச்சுறுத்தித் தடுப்பது கொடுமை. ஆசிரியப் பெருமக்களே! இது தமிழில் சொல்லவியலாத பொருளன்று; நாணத்தால் நாம் சொல்லாத பொருள். பெற்றோர் கூட்டத்திற்குத் தமிழறிந்த தாதி ஒருவரை அழைத்துப் பேசச் செய்தால் என்ன குறைந்துவிடும்? பிள்ளைப் பேற்றை ஏற்பதும் தள்ளிப்போடுவதும் தாயின் உரிமை. அறிந்து முடிவெடுக்க அவளுக்குத் துணைநிற்பது நம் கடன்.