நெட்டோட்டப் பயிற்சியும் தேர்வுக் காய்ச்சலும்



ஆண்டின் நடுப்பகுதி நெருங்கியதும் நம் பள்ளிகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறுகிறது. தொடக்கநிலை ஆறிலும் உயர்நிலை நான்கிலும் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், "தேர்வு வருகிறது, இனி ஓட்டமும் ஆட்டமும் வேண்டா" என்று முடிவெடுக்கின்றனர். ஓடிய நேரம் துணைப்பாட வகுப்புக்குப் போகிறது. அம்முடிவு அன்பினால் எடுக்கப்படுவது, அதில் ஐயமில்லை. எனினும் அது தவறான முடிவு என்பதே என் கருத்து. நாற்பத்தாறு வயதில் முதன்முறையாக முழு நெட்டோட்டத்திற்குப் பயிற்சி செய்துகொண்டிருக்கும் ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

நெட்டோட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தொலைவு 1921இல் உலகிற்கே பொதுவாக்கப்பட்டது. இதனைக் கேட்டதும் பலரும் அந்த ஒரு நாளைத்தான் எண்ணி வியக்கின்றனர். உண்மையில் அந்த நாள் மிகச் சிறியது. அதற்குமுன் நிற்கும் பதினாறு முதல் இருபது வாரங்களே நெட்டோட்டம்.

அவ்வாரங்களின் இயல்பைச் சற்று விளக்குகிறேன். பெரும்பாலான ஓட்டங்கள் மெதுவானவை. பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சிரைக்காமல் பேச முடிகின்ற வேகமே சரியான வேகம். வாரத்திற்கு ஒரு நாள் நீண்ட ஓட்டம். அதன் தொலைவு சிறிது சிறிதாக வளர்ந்து, உச்சத்தில் முப்பது கிலோமீட்டரைத் தொடும். ஓய்வு நாள்களும் பயிற்சியின் பகுதியே. தசையும் எலும்பும் வலுப்பெறுவது ஓய்வில்தான். இவ்வாறு படிப்படியாகப் பழகாத உடலில், தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்துள்ள மாவுச்சத்து ஏறத்தாழ முப்பதாவது கிலோமீட்டரில் வற்றத் தொடங்கும். கால்கள் ஈயக் குண்டாகும். எவ்வளவு மன உறுதி இருந்தாலும், நான்கு மாத வேலையை நான்கு நாளில் செய்துவிட முடியாது என்பதை அந்த இடத்தில் உடல் நமக்கு உணர்த்திவிடும்.

மற்றொன்று. போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சியைக் குறைக்க வேண்டும். உறக்கத்தைக் கூட்ட வேண்டும். நம் வீடுகளில் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் நடப்பதென்ன? வகுப்புகளைக் கூட்டுகிறோம், உறக்கத்தைக் குறைக்கிறோம். ஓட்டப் பயிற்றுநர் எவரேனும் தம் வீரரிடம் இப்படி நடந்துகொண்டால் அவரை நாம் பித்தர் என்போம்.

இப்படிப் படிப்படியாக ஆயத்தமாவது நம் மரபிற்குப் புதிதன்று. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமந்து நடப்பவர்களைப் பாருங்கள். நடக்கும் தொலைவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு அவர்களுள் பலர் நோற்கும் விரதமோ பல வாரங்கள். உணவு, உறக்கம், பேச்சு அனைத்திலும் கட்டுப்பாடு. முதல் நாள் இரவு திடீரென்று விரதம் இருந்து மறுநாள் காவடி தூக்கலாம் என்று எந்தத் தாயும் தன் மகனுக்குச் சொல்வதில்லை. கோயிலுக்குச் சொல்லும் இந்த நியாயத்தைக் கல்விக்கு மட்டும் ஏன் மறந்துபோகிறோம்?

நெடுந்தொலைவு ஓட்டம் நமக்கு அந்நியமும் அன்று. 1977ஆம் ஆண்டு கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் 1,500 மீட்டரிலும் 3,000 மீட்டரிலும் தங்கம் வென்ற கே. ஜெயமணி, 1983இல் சிங்கப்பூரில் நடந்த போட்டிகளில் பெண்கள் நெட்டோட்டத்திலும் தங்கம் வென்றார். எம். ரமேஷோன் 1995ஆம் ஆண்டு சியாங் மாயில் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் ஓடிப் படைத்த தேசியச் சாதனை இருபத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தது. 2019இல்தான் சோ ருய் யோங் சோலில் அதனை முறியடித்தார். 2013ஆம் ஆண்டு தென்கிழக்காசிய நெட்டோட்டத்தில் தங்கம் வென்ற மோக் யிங் ரென் ஒரு மருத்துவர். மருத்துவம் படித்தவருக்கு ஓட நேரம் கிடைத்திருக்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறேன். என் வகுப்பில் ஜெயமணியின் பெயரைச் சொன்னபோது ஒரு மாணவர்கூட அறிந்திருக்கவில்லை. அது மாணவர் குற்றமன்று, நாம் சொல்லவில்லை.

"எல்லாப் பிள்ளையும் ஜெயமணி ஆகிவிடுமா? நேரம் எங்கே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதக்கத்திற்காக நான் வாதாடவில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக அறுபது நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தேர்வு ஆண்டிற்கு அது விலக்கு அளிக்கவில்லை. பிள்ளைகள் முழு நெட்டோட்டம் ஓட வேண்டும் என்பதும் இல்லை. அது வளர்ந்தவர்களுக்கு உரியது. பள்ளி உடற்திறன் தேர்வின் ஓட்டத்தை அச்சமின்றி ஓடினால் போதும். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு அரைமணி நேரம் ஓடினால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஒரு துணைப்பாட வகுப்பின் நேரம் அவ்வளவே.

தமிழ் கற்பதும் அப்படித்தான். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழை முதன்மையாகப் பேசுவோர் ஐந்து வயதிற்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே. வீட்டில் ஒலிக்காத மொழியை வாரத்திற்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் திணித்து வளர்க்க இயலாது. நாள்தோறும் ஒரு பக்கம் வாசிப்பு, உணவு மேசையில் பத்து நிமிடப் பேச்சு. மெதுவான ஓட்டம் போல இவை வெளியே தெரியாமல் வலிமை சேர்க்கும்.

பெற்றோர்க்கு என் வேண்டுகோள் இதுவே: பிள்ளையை ஓடச் சொல்வதைவிட நீங்கள் ஓடுங்கள். ஓட முடியாவிட்டால் நடங்கள். காலாங் ஆற்றங்கரை லிட்டில் இந்தியாவிற்கு அருகிலேயே உள்ளது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை இரயில் ஓடிய பழைய பாதை இன்று 24 கிலோமீட்டர் நீளப் பசுமை வழி. நம் நாட்டு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் எளிதாக எண்ணாதீர்கள். விடியலுக்கு முன்போ மாலை சாய்ந்த பின்போ ஓடுங்கள். தாகத்திற்கு ஏற்ப நீர் அருந்துங்கள். அளவுக்கு மீறிய நீரும் குருதியில் உப்பைக் குறைத்து ஆபத்தாகும். நாற்பதைக் கடந்தோரும் நீரிழிவு, இதய நோய் உள்ளோரும் முதலில் மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். நிறுத்தத் தெரிவதும் பயிற்சியின் ஒரு பாடமே.

அப்பா அதிகாலையில் எழுந்து காலணி கட்டுவதையும், மழை நாளிலும் அம்மா தன் நடையை விடாமல் இருப்பதையும் பிள்ளை நாள்தோறும் பார்க்கட்டும். விடாமுயற்சி என்ற சொல்லுக்கு நான் வகுப்பறையில் தரும் விளக்கத்தைவிட அது தெளிவான விளக்கம். இவ்வாண்டுத் தேர்வு முடியும்வரை பிள்ளையின் ஓட்டத்தை நிறுத்த எண்ணியிருப்போர், வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தை மட்டுமாவது அதனிடமே விட்டுவையுங்கள்.