செங்கம்பளமும் வடசேரிப் பொற்கொல்லரும்

மேனாட்டு விழாக்களிலே நடிகையர் நடந்து செல்லும்பொருட்டு விரிக்கப்படும் செங்கம்பளம், இக்காலத்து நகை வணிகர்க்கெல்லாம் பெருஞ்சந்தையாய் முடிந்துள்ளது. ஆஸ்கர் பரிசளிப்பு விழா, பிரான்சு தேசத்துக் கான் திரைப்பட விழா, நியூயார்க்கு நகரத்து மெட் காலா என்னும் இவற்றில் ஒருத்தியின் கழுத்திலே ஓரிரவு கிடக்கும் மணிவடம், மறுநாட் காலையில் உலகத்தார் கைப்பேசிகளிலெல்லாம் விளங்குகின்றது. அவ்வோரிரவிற்காகப் பெருநிறுவனங்களும், தாமே வரைந்து தாமே செய்விக்கும் சிறு நகை வினைஞரும் ஒருங்கே போட்டியிடுகின்றனர். நெல்லை மாணாக்கராகிய நமக்கு இதிலே என்ன பேச்சு என்பார்க்கு, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் நாகர்கோயிலிலுள்ள வடசேரியை நினைவூட்டுகின்றோம்.

நகையணிதல் ஆகாதென விலக்கிய சபையார் பலர் வாழும் இந்நாட்டிலே, கிறிஸ்தவ மாணாக்கர் நகையைப்பற்றி எழுதலாமோ என்று முணுமுணுப்பாரும் உளர். அவர்கள் பேதுரு அப்போஸ்தலரின் நிருபத்தை எடுத்துக் காட்டுவர். அது நகை அணிவாரை நோக்கிய அறிவுரை. நாம் பேசப் புகுந்தது நகை செய்வாரைப்பற்றி. செய்வாரைக் குறித்து யாத்திராகமம் கூறுவதைப் பின்னர்க் காட்டுவாம்.

புகழுடையார்க்கு நகையை இரவல் கொடுத்துப் பெயர் தேடும் வழக்கம் புதிதன்று. 1944-ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் ஜெனிபர் ஜோன்ஸ் என்னும் நடிகைக்கு நியூயார்க்கு வயிர வணிகர் ஹாரி வின்ஸ்டன் தம் அணிகளை இரவல் தந்ததே அவ்விழாவில் இவ்வழக்கிற்குத் தொடக்கம் என்பர். பெர்னதெத்து என்னும் ஏழைச் சிறுமியாகிய புனிதையாய் நடித்தமைக்கே அவ்வாண்டு அவ்வம்மைக்குப் பரிசு கிடைத்தது. வேடத்திலே வறுமை, விழாவிலே வயிரம்!

இன்று அவ்வழக்கம் பெருவாணிபமாய் வளர்ந்துவிட்டது. பெருநிறுவனங்கள் நடிகையரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அவர்களைத் தம் தூதராக்கிக் கொள்ளுகின்றன. கான் விழாவின் தலைமைப் பரிசாகிய பொற்பனையோலையையே 1998 முதல் சோப்பார்டு என்னும் சுவிட்சர்லாந்து நகை நிறுவனம் செய்து கொடுக்கின்றது எனின், அவ்விழாவிற் சிறு வினைஞனுக்கு இடம் எவ்வளவென்பது கூறாமலே விளங்கும். அவனிடம் இருப்பது பெரும்பாலும் ஒரே ஆரம். அதனை நடிகையின் அலங்காரம் பார்ப்பாருக்கு அனுப்பிவிட்டு, காப்புறுதிக் கட்டணமும் தானே செலுத்தி, திரும்பி வரும்வரை விற்கவும் இயலாமற் காத்திருக்கின்றான். வேறு கடைகளின் அணிகளும் தட்டுத்தட்டாய் வந்து குவிந்திருக்கும். கடைசி நாழிகையில் ஆடைக்குப் பொருந்தவில்லை என்று ஒரு சொல். ஆரம் பெட்டிக்குள் மீளும்.

எனினும் சிறியார்க்கு வாயில் முற்றும் அடைபட்டதென்று கூறுதற்கில்லை. பட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் 1928-இல் பாரிசு நகரத்துக் கார்ட்டியே நிறுவனத்தாரைக்கொண்டு செய்வித்த வயிர ஆரத்தை, 2025-ஆம் ஆண்டு மெட் காலாவுக்குப் பஞ்சாபிப் பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் சார்பில் இரவல் கேட்டதாகவும், அது காட்சிசாலைப் பொருளென்று மறுக்கப்பட்டதாகவும் பத்திரிகைகள் எழுதின. அதன்பின் செய்ப்பூர்க் கோலேச்சா நகைக்கடையார் செய்த அணிகளைப் பூண்டு அவர் கம்பளத்தில் நின்றார். கார்ட்டியே மறுத்தமையால் செய்ப்பூர்க்கடையின் பெயர் உலகறிந்தது. ஆயினும் அக்கடையின் பெயருக்குப் பின்னே குனிந்திருந்து கல் பதித்தவர் யாவர்? அதனை எப்பத்திரிகையும் கேட்டிலது.

இக்குறை பழமையானது, நம் பொருநை நாட்டோடும் தொடர்புடையது. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியிலே லொல்லியா பௌலினா என்னும் சீமாட்டி ஒரு நிச்சயதார்த்த விருந்துக்கு நாலு கோடி செஸ்டர்ஸ் பெறுமதியான மரகதமும் முத்தும் பூண்டு வந்து, விலைக்கணக்கையும் காட்ட ஆயத்தமாயிருந்தாள் எனப் பிளினி எழுதியுள்ளார். செங்கம்பளம் ஒன்றுதான் அங்கே குறை. அவள் பூண்ட முத்துக்கள் எக்கடலின என்பது நிற்க. பொருநை கடலொடு கலக்கும் கொற்கையில் அந்நாளில் முத்துக் குளித்தோர் தண்டனை பெற்ற கைதிகள் என அதே நூற்றாண்டின் பெரிப்புளுஸ் என்னும் கிரேக்க நூல் குறிக்கின்றது. அணிந்தவள் பெயர் இரண்டாயிரம் ஆண்டு நிற்கின்றது. மூழ்கியவன் பெயர் அன்றே மூழ்கிற்று.

சிலப்பதிகாரத்திலும் பொற்கொல்லனுக்குப் பெயரில்லை. களவு செய்தவன் ஒருவன். அவன் பொருட்டுக் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்குப் பலியிட்டது ஆயிரம் பொற்கொல்லரை. பழி வந்துழி ஆயிரவராய் எண்ணப்படுவோர், புகழ் வந்துழி ஒருவராகவும் எண்ணப்படுவதில்லை.

இனி வடசேரிக்கு வருவாம். அங்குச் செய்யப்படும் கோயில் நகை ஒருவர் கையில் முடிவதன்று. வெள்ளித்தகட்டை வடிவாக்கி, உள்ளே அரக்கிட்டு, சிவந்த கெம்புக் கற்களை வரிசைபெற அமைத்து, கல்லைச் சூழப் பொன்தகட்டை அழுத்திப் பதிக்கும் பொறுமை, பரம்பரையாய் வந்த பொறுமை. தெய்வத் திருமேனிகளை அலங்கரித்த இவ்வேலைப்பாடு நாட்டியமாடுவார்க்கும் உரியதாயிற்று. 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் அரங்கேறிய பின்னர்ப் பரதநாட்டியம் பல குடும்பத்துப் பெண்களும் பயிலும் கலையாய்ப் பரவ, சூரியப் பிறையும் சந்திரப் பிறையும் தலைசாமானும் ராக்கொடியும் ஒட்டியாணமும் வேண்டுவார் தொகையும் பெருகிற்று. நாட்டிய மேடையே வடசேரியின் செங்கம்பளம் எனலாம். ஆனால் ஒரு பெரு வேற்றுமை உண்டு. ஆலிவுட்டில் நகை காவலரோடு வந்து காவலரோடு மீளும். நம் மேடையிலோ அரங்கேறும் பெண்ணின் பெற்றோர் அதனை விலைகொடுத்து வாங்குவர். அவள் பல்லாண்டு அணிவாள். பின்னர் மகளுக்கும் வைப்பாள். இவ்வாறு அமைந்த விளம்பரமே தொழிலாளி வீட்டில் அடுப்பெரியச் செய்யும் என்பது நம் துணிபு.

அற்றேல், பெருநடிகை ஒருத்தி வடசேரித் தலைசாமான் அணிந்து கான் விழாவிலே நின்றால் வடசேரி இன்னும் செழிக்குமன்றோ எனின், அத்துணை எளிதாய் நாம் நம்பவில்லை. பெருகுவது அத்தோற்றத்தின்மேல் ஆசை. அவ்வாசையை விரைந்து நிரப்புவது அச்சிலே வார்த்த போலியணி. நாகர்கோயிற் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இருந்தும் எங்கோ வார்த்தவற்றையும் கோயில் நகை என்றே கடைத்தெருவில் விற்கின்றனர். வாங்குவார் ஊரைக் கேட்பதில்லை. எம். எஸ். நீலம் என்று புடைவைக்கடைகளில் இன்றும் வழங்கும் வண்ணத்தை எண்ணிப் பாருங்கள். பாடிய அம்மையார் எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயர் அதில் நிலைத்தது. அதனை ஆக்கிய காஞ்சிபுரத்து முத்துச் செட்டியாரை அறிந்தார் எத்துணையர்?

2022-இல் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்திற்கு அணிகள் செய்தளித்தவர் ஐதராபாத்துக் கிஷன்தாஸ் நிறுவனத்தார். படத்தோடு அவர்கள் பெயரும் பரவிற்று, அது தக்கதே. நிறுவனத்தின் பெயரோடு நின்றுவிடாமல் கல் பதித்தார் பெயரும் திரையில் ஓடுதல் வேண்டும் என்பதே நாம் கேட்பது. சண்டைப் பயிற்சி அளித்தவர்க்கும் உணவு சமைத்தவர்க்கும் ஓடும் எழுத்து, இவர்க்கு மட்டும் ஓடலாகாதோ?

யாத்திராகமத்திலே கர்த்தர் ஊரியின் குமாரனாகிய பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைத்து, பொன்னிலும் வெள்ளியிலும் வேலை செய்யவும் இரத்தினங்களை வெட்டிப் பதிக்கவும் ஞானம் அருளினார். துணைவனாகிய அகோலியாபின் பெயரும் அங்கே உண்டு. மார்ப்பதக்கம் அணிந்தவன் ஆரோன் என்பதை அறிந்த நாம், அவ்வேலைக்கு அழைக்கப்பட்டவன் இன்னானென்பதையும் வேதத்திலேயே வாசிக்கின்றோம்.

நம் கல்லூரியிலிருந்தே இதனைத் தொடங்கலாகும். ஆண்டு விழா நிகழ்ச்சித் தாளிலே பாடியவர், ஆடியவர், ஒலிபெருக்கி அமைத்தவர் பெயரெல்லாம் அச்சாகின்றன. அவற்றின்கீழ் ‘அணிகள் செய்தவர்’ என ஒரு வரி சேர்ப்பதற்குக் காகிதம் அதிகம் வேண்டா. ஆடும் மாணவியர் பலரும் அணிகளை வாடகைக்கன்றோ எடுக்கின்றனர், செய்தவரை எங்ஙனம் அறிவது என்று தோழர் சிலர் கேட்கின்றனர். வாடகைக் கடைக்காரர் தாம் எவ்வூரில் வாங்கினார் என்பதையேனும் சொல்லுவார். அவ்வூர்ப் பெயரை இவ்வாண்டு அச்சிடுவோம். செய்தவர் பெயரை விசாரித்து அடுத்த ஆண்டு அச்சிடுவோம்.