ஆலை வருது, அபார்ட்மென்ட் வருது... தீயணைப்பு வண்டி எத்தனை நிமிஷத்துல வரும்?

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டேங்கர்கள் எரிந்தன. அக்கம்பக்கத்தில் வசித்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை.

எப்போதும் இப்படித் தப்பிக்க முடியாது. 2024 மே 30-ல் காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் ஆலை எரிந்தபோது 4 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கூட இல்லை. அந்த வழியாகப் போனவர்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர் என மாவட்டம் முழுக்கத் தொழிற்பேட்டைகள். சென்னைப் பெருநகரத்தின் திட்டமிடல் எல்லையும் 1,189 சதுர கி.மீ-யில் இருந்து 5,904 சதுர கி.மீ ஆகிவிட்டது. இந்த வளர்ச்சிக்கு ஏற்ப அவசர சேவையும் வளர வேண்டாமா?

எத்தனை நிமிஷத்துல வரணும்?

மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் நிலைத் தீயணைப்பு ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படி, நகரம் என்றால் 5 முதல் 7 நிமிடம். கிராமம் என்றால் 20 நிமிடம். இதைத் தூரமாக மாற்றிப் பார்ப்போம். நெரிசலில் 30 கி.மீ வேகத்தில் போகும் வண்டி 7 நிமிடத்தில் மூன்றரை கி.மீ-தான் போகும். அதாவது, நேற்று வரை 20 நிமிடக் கணக்கில் இருந்த ஒரு கிராமம் நகரமாக மாறினால், பழைய நிலையம் அதே இடத்தில் இருந்தாலும் போதாது.

பள்ளிப்பட்டு ஏன் முக்கியம்?

மாவட்டத்தின் மேற்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கும் விசைத்தறி ஊர் பள்ளிப்பட்டு. இங்கே தூரம் மட்டும் பிரச்னை இல்லை. ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து, தரைப்பாலங்கள் மூழ்கிவிடும். மேப்பில் 10 நிமிடம் எனக் காட்டும் கிராமத்துக்கு அன்றைக்கு ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போகணும். அதனால் தரைப்பாலத்தை உயர்த்திக் கட்டுவதும் அவசர சேவைத் திட்டத்தில் ஒரு பகுதிதான்.

தண்ணீர் மட்டும் போதுமா?

போதாது. டீசல் தண்ணீரைவிட லேசானது. தண்ணீரை அடித்தால் மேலே மிதந்து, தீயையும் சேர்த்துப் பரப்பும். அதற்கு நுரை வேண்டும். எங்கே என்ன எரிகிறது என்பது வீரர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். 2015-ல் சீனாவின் தியான்ஜின் கிடங்கு வெடிப்பில் இறந்த 173 பேரில் பெரும்பாலோர் தீயணைப்பு வீரர்கள். உள்ளே என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்ற தெளிவான தகவல் இல்லாமலே அவர்கள் களமிறங்கினார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ம் ஆண்டு விதிகள், ஆலைக்குள் ஒரு அவசரத் திட்டம், ஆலைக்கு வெளியே இருக்கும் மக்களுக்காக இன்னொரு திட்டம் என இரண்டையும் கேட்கின்றன. ஆலை மதில் ஓரமாகக் குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் திட்டம் பற்றித் தெரியும்?

யார் பொறுப்பு?

சிக்கலே இங்கேதான். அரசமைப்பின் 12-வது அட்டவணையில் தீயணைப்பு, நகராட்சிப் பணிகளில் ஒன்று. தமிழ்நாட்டிலோ அதை நடத்துவது மாநில அரசின் துறை. மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி கொடுப்பது ஒரு கை, நிலையம் எங்கே என முடிவு செய்வது இன்னொரு கை. புது லேஅவுட்டில் பூங்காவுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறோம். அதேபோல, ஒரு பகுதி வளரும்போதே தீயணைப்பு நிலையத்துக்கும் நிலம் ஒதுக்கிவிட வேண்டும். விலை ஏறிய பிறகு தேடினால் கிடைக்காது. தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த மத்திய அரசு 2023-ல் ரூ.5,000 கோடித் திட்டம் கொண்டுவந்தது. பணத்துக்கு வழி உண்டு. அதை எந்த ஊரில் செலவழிப்பது என்பதை நிமிடக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு அழைப்புக்கும் வண்டி வந்துசேர எத்தனை நிமிடம் ஆனது என்பதை, ஊர்வாரியாக, மாதம் ஒருமுறை வெளியிடலாம். எந்த ஊருக்கு நிலையம் வேண்டும், எந்தப் பாலத்தை உயர்த்த வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும். உங்க ஊர் கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியையாவது கேளுங்க: எங்க தெருவுக்கு எத்தனை நிமிஷம்?