குறையைச் சொல்லி விற்றல்

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலை அமைந்துள்ளது. அவ்வூரைக் கடந்து தெற்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை, சிறிது தொலைவிலேயே களியக்காவிளையை அடைந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்த அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வரையப்பட்ட பின்னரும், வேலைக்கும் வாணிகத்துக்கும் உறவினர் வீட்டுக்குமாக மக்கள் இருபுறமும் சென்று வருகின்றனர். அவர்களோடு பொருள்களும் எல்லையைக் கடக்கின்றன. அவற்றுள் ஒன்று பழைய மிதிவண்டி.

மிதிவண்டி வளரும் பிள்ளைகளின் ஊர்தி. இருபது அங்குலச் சக்கரம் கொண்ட வண்டியில் பழகிய சிறுவனுக்குச் சில ஆண்டுகளில் முழங்கால் கைப்பிடியில் இடிக்கத் தொடங்கும். அப்போது பெரிய வண்டி வேண்டும். சிறிய வண்டியை யாருக்கேனும் கொடுக்க வேண்டும். பணி மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களுக்கு மற்றொரு காரணமும் உண்டு. வீட்டுப் பொருள்களை ஏற்றும் வண்டியில் இடம் போதாதபோது, முதலில் விலைக்குப் போவது பெரும்பாலும் பிள்ளைகளின் மிதிவண்டியே ஆகும்.

சாட்சியற்ற சந்தை

முன்பு பழைய மிதிவண்டிகள் பலவும் பழுதுபார்க்கும் கடை வழியாகக் கைமாறின. கடைக்காரர் வண்டியையும் அறிவார்; அதை ஓட்டியவரையும் அறிவார். பஞ்சர் ஒட்டியவரும் சங்கிலி மாற்றியவரும் அவரே. வண்டியில் குறை இருப்பின், வாங்கியவர் மறுநாள் அதே கடைக்கு வந்து கேட்க இயலும். கடைக்காரரின் பெயர் அந்த விற்பனைக்குப் பிணையாக நின்றது.

2006இல் தொடங்கப்பட்ட ஓ.எல்.எக்ஸ்., 2008இல் தொடங்கப்பட்ட குவிக்கர் முதலிய இணைய விளம்பரத் தளங்கள் இந்த வாணிகத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தன. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. பாறசாலையில் விற்பனைக்கு உள்ள வண்டியை நாகர்கோவிலில் இருப்பவரும் காணலாம். நெய்யாற்றின்கரையில் இருப்பவரும் காணலாம். ஆனால், விற்பவரையும் வாங்குபவரையும் ஒருசேர அறிந்த கடைக்காரர் இடையிலிருந்து விலகிவிட்டார். முன்பின் அறியாத இருவர் சில படங்களையும் சில வரிகளையும் நம்பிப் பணம் கைமாற்றிக்கொள்கின்றனர். அவ்வரிகளில் உண்மை இருக்க வேண்டும் என்பதும், குறிப்பாக விற்பவர் தம் வண்டியின் குறையைத் தாமே முன்வந்து சொல்ல வேண்டும் என்பதுமே இக்கட்டுரையின் கருத்தாகும்.

எலுமிச்சைச் சந்தை

"குறையைச் சொன்னால் விலை குறையும், கேட்டால் மட்டும் சொன்னால் போதாதா?" எனச் சிலர் வினவுவர். இவ்வினாவுக்கு அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாப் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரை விடை தருகின்றது. அமெரிக்கர் பழுதுள்ள மகிழுந்தைப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்பர். பழைய மகிழுந்துச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்ட அக்கட்டுரையின் தலைப்பிலும் எலுமிச்சை இடம்பெற்றது. 2001இல் அவருக்கு வேறிருவரோடு பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர் காட்டிய உண்மையை மிதிவண்டியைக் கொண்டே விளக்கலாம். ஒரு சந்தையில் விற்பனைக்கு வரும் வண்டிகளுள் பாதி நல்லவை என்றும், அவை ஒவ்வொன்றும் 4,000 ரூபாய் பெறும் என்றும் கொள்க. மறுபாதி பழுதுள்ளவை, அவை 2,000 ரூபாய் மட்டுமே பெறும். எது நல்லது, எது பழுது என்பதை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். எனவே வாங்குபவர் இரண்டுக்கும் நடுவே 3,000 ரூபாய் தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார். பழுதுள்ள வண்டி வைத்திருப்பவர் மகிழ்ந்து விற்பார். இது தொடர்ந்தால் சந்தையில் பழுதுள்ள வண்டிகளே மிஞ்சும். பின்னர் 3,000 ரூபாய் தருவதற்கும் யாரும் இரார்.

ஆகவே, ஒருவர் மறைக்கும் குறை ஒரு வாங்குபவரோடு நின்றுவிடுவதில்லை. அவ்வூரில் நல்ல வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது இழப்பாகின்றது. "எல்லாரும் மறைக்கின்றனர், நான் மட்டும் சொல்வானேன்?" என்னும் எண்ணமே சந்தையை அழிக்கும் எண்ணமாகும்.

சட்டம் எட்டும் தொலைவு

இக்குறையைச் சட்டம் தீர்த்துவிடும் என நம்பியிருக்க இயலாது. மகிழுந்துக்கும் மோட்டார் வண்டிக்கும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பதிவு எண் உண்டு. மிதிவண்டிக்கு அது இல்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், தனி ஒருவர் விற்கும் பழைய பொருளின் தரத்துக்குப் பொதுவாக உறுதி எதையும் விதிப்பதில்லை; பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என விட்டுவிடுகின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாது. எனவே மிதிவண்டி மாணவனுடையதாயினும் விலை பேசி முடிப்பவர் பெற்றோராகவே இருத்தல் வேண்டும்.

எனினும், ஓரிடத்தில் சட்டம் உறுதியாக நிற்கின்றது. தமக்கு உரிமை இல்லாத பொருளை விற்பவர், வாங்குபவருக்கு அவ்வுரிமையைத் தர இயலாது. திருட்டு வண்டியை அறியாமல் வாங்கியவரும் உரியவரிடம் அதைத் திருப்பித் தர நேரிடும். திருட்டுப் பொருள் என அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி அதைப் பெறுவது 2023ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும்.

மிதிவண்டிக்குப் பதிவு எண் இல்லையெனினும் பிரேம் எண் உண்டு. பெரும்பாலான வண்டிகளில், மிதிகளை இணைக்கும் அச்சுக்கு அடியில் அது பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் காணலாம். அவ்வெண்ணையும் விலையையும் நாளையும் இருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, இருவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது நன்று. எல்லைப்புறத்தில் அத்தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினால் இரு பக்கத்தாருக்கும் பயன்படும்.

விற்பவர் கடமை

"நல்ல வண்டி, குறைந்த விலை" என்னும் விளம்பரம் எதையும் தெரிவிப்பதில்லை. பின்வருமாறு எழுதுவது நேர்மையான விளம்பரமாகும்:

"இருபத்துநான்கு அங்குலச் சக்கரம். வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முன் பிரேக் நன்றாகப் பிடிக்கும். பின் பிரேக் கட்டைகள் தேய்ந்துள்ளன. மாற்றிய பின்னரே ஓட்ட வேண்டும். மிதி அச்சின் அருகே துரு உள்ளது. மூன்றாம் படத்தில் காணலாம். கடை ரசீது உள்ளது."

துருவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இப்பகுதியை நனைக்கின்றன. பூவார், பொழியூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்கின்றது. இரும்புக் குழாய்கள் ஒட்டப்பட்ட இடங்களில் துரு உள்ளூர அரித்திருக்கும். மேலே புதுவண்ணம் பூசினால் கண்ணுக்குத் தெரியாது. அவ்வண்டியை ஓட்டப்போவது பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோ ஆவர். சுமையுந்துகள் விரையும் நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்காமற்போனால் நேரும் இழப்பு, சில நூறு ரூபாய்க் கணக்கில் அடங்காது. துருவை மறைக்க வண்ணம் பூசுவதைத் திறமை எனப் பாராட்டுவது தவறாகும்.

மொழியிலும் கருத்து வேண்டும். மலையாளத்தில் துரும்பு என்றால் துரு என்று பொருள். தமிழில் அச்சொல் சிறு வைக்கோல் துண்டையும் அற்பமான பொருளையும் குறிக்கும். மலையாளம் பேசுபவர், "அடியில் கொஞ்சம் துரும்பு உண்டு" என உண்மையாகவே சொன்னாலும், புதிதாகக் குடிவந்த தமிழர் அதை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் இருந்துவிடக் கூடும். எனவே, குறையைச் சொன்னால் மட்டும் போதாது. எதிரே இருப்பவருக்கு விளங்கும்படி விரல் வைத்துக் காட்டுதல் வேண்டும்.

வாங்குபவர் கடமை

நேர்மை விற்பவருக்கு மட்டும் உரியதன்று. வண்டியைக் காணும் முன்பே "கடைசி விலை என்ன?" எனக் கேட்பதும், வருவதாகக் கூறி ஒரு மாலைப்பொழுது முழுவதும் காக்கவைத்து வராமலிருப்பதும், ஒப்புக்கொண்ட விலையை வீட்டு வாசலில் வந்து குறைப்பதும் வாங்குபவர் செய்யும் பிழைகள். ஊர்விட்டுச் செல்லும் நாள் நெருங்கிய குடும்பத்தின் அவசரத்தை அறிந்து பாதி விலைக்குக் கேட்பது, குறையை மறைத்து விற்பதற்குச் சற்றும் குறைந்த தவறன்று.

விலையைக் குறைக்க முறையான வழி உண்டு. சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தால், அது நேராகச் சுழல்கிறதா, பிரேக் கட்டையில் உரசுகிறதா என்பது தெரியும். பள்ளிக்குக் கொண்டு செல்லும் அளவுகோலால் சங்கிலியையும் அளக்கலாம். புதிய சங்கிலியில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். அது ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு மிகுந்திருந்தால், சங்கிலியோடு பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கக் கூடும். மாற்றுவதற்கு எவ்வளவு செலவாகும் எனக் கடையில் கேட்டறிந்து, அத்தொகையைக் குறைத்துக் கேட்பது நியாயமான பேரமாகும். "அண்ணா, சங்கிலி தேய்ந்திருக்கிறது, அதற்கான செலவைக் கழித்துக்கொள்ளலாமா?" என்று கேட்பவரிடம் எவரும் சினம் கொள்வதில்லை. அண்ணா என்னும் விளி திருவனந்தபுரத்து மலையாளத்திலும் வழங்குவதால், எல்லையின் இருபுறமும் அது செல்லும்.

பணம் கைமாறும்போது

இந்த நம்பிக்கையைத் தம் முதலாக வைத்துப் பிழைக்கும் ஏமாற்றுக்காரரும் உளர். தம்மைப் படைவீரர் எனக் கூறிக்கொண்டு, வண்டியைப் பாராமலே கேட்ட விலைக்கு ஒப்புக்கொள்வது இந்தியாவின் பல பகுதிகளிலும் கண்டறியப்பட்ட ஒரு சூழ்ச்சி. பின்னர் அவர்கள் ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்பி, பணம் பெறுவதற்கு அதனை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுமாறு கூறுவர். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. பணம் அனுப்புவதற்கே அது தேவை. இவ்வொன்றை அறிந்திருந்தால் பெற்றோரின் சேமிப்பைப் பிள்ளைகளே காக்கலாம்.

பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் ஆண்டும் இணையக் குற்ற உதவி எண்ணும் ஒன்றாயிருப்பதால் இதனை நினைவில் வைப்பது எளிது. வண்டியைப் பகற்பொழுதில், மக்கள் நடமாடும் இடத்தில், பெரியவர் உடனிருக்கப் பார்ப்பதும், காணாத வண்டிக்கு முன்பணம் தராதிருப்பதும் இன்றியமையாதவை.

இரு பக்கமும் நிற்கும் குடும்பம்

"அடுத்த மாதம் இவ்வூரில் இருக்கப்போவதில்லை, வாங்கியவர் நம்மைத் தேடி வரவா போகிறார்?" என்னும் எண்ணம், இடம்பெயரும் குடும்பங்களுக்கு எளிதில் எழக்கூடியது. ஊரில் நிலைத்து வாழ்பவருக்கு ஊராரின் பேச்சு ஒரு வேலியாக அமைகின்றது. ஊர்விட்டுப் போகிறவருக்கு அவ்வேலி இல்லை. ஆனால், அதே குடும்பம் சென்று சேரும் புதிய ஊரில் பிள்ளைக்கு ஒரு மிதிவண்டியைத் தேடும். அங்கே அதற்கு மொழி புதிது, கடைக்காரர் புதியவர், கேட்டறிய உறவினர் இலர். இன்று எளிதில் மறைக்கக்கூடிய இடத்தில் இருப்பவரே நாளை எளிதில் ஏமாறக்கூடிய இடத்துக்குச் செல்கின்றார்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாக மதித்தனர் என்று பட்டினப்பாலை போற்றுகின்றது. கடல் கடந்து வந்த அயலாரும் கூடி வாழ்ந்த நகரம் அது. முன்பின் அறியாதவரோடு செய்யும் வாணிகத்தில் அப்பண்பு இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகின்றது. பாறசாலையிலிருந்து புறப்படும் ஒரு குடும்பம், தன் மிதிவண்டியின் தேய்ந்த பிரேக் கட்டையைக் காட்டி, அதற்குரிய தொகையைக் குறைத்து விற்றுச் செல்லுமாயின், அக்குடும்பத்துக்குச் சில நூறு ரூபாய் குறையும். அவ்வண்டியில் நாளை பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, புதிய கட்டைகளைப் பொருத்திக்கொண்டு பாதுகாப்பாகச் செல்லும்.