விஷ மீனும் வெந்நீரும்

தேளி என்ற மீனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குளத்திலும் வயல் வாய்க்காலிலும் சேற்றோடு சேறாகக் கிடக்கும். செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கூரிய முட்கள் அதற்கு உண்டு. குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்கும். பெயரிலேயே தேள் இருக்கிறது.

நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டின் கோடையில், வற்றிய வாய்க்காலில் மீன் பிடிக்க இறங்கி ஒரு தேளியை மிதித்துவிட்டேன். அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓர் அண்டாவில் வெந்நீரை ஊற்றி, என் காலை அதற்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் துள்ளினேன். "சூடு தாங்கினாத்தான்டா விஷம் முறியும், பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். முள் குத்திய வலி அன்று மாலையே அடங்கிவிட்டது. வெந்நீர் பட்ட கொப்புளங்கள் ஆறுவதற்கு ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதன் தழும்பு என் வலது கணுக்காலில் இன்றும் இருக்கிறது.

பெரியவரின் வைத்தியம் தவறு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உலகின் கடற்கரை மருத்துவமனைகளில் இன்றும் மீன் முள் குத்துக்கு முதலில் தருவது வெந்நீர்தான். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டு எண்கள் மட்டும் அவரிடம் இல்லை. விஷ மீன்களைப் பற்றி நாம் படிக்கும் கட்டுரைகளிலும் இதே குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. "உலகிலேயே கொடிய விஷ மீன்" என்று தலைப்பிட்டு, பயங்கரமான படம் ஒன்றைப் போட்டு, நம்மை நடுங்க வைத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த விஷம் எப்படி உள்ளே போகிறது, எதனால் தணிகிறது என்பதைச் சொல்வதில்லை. நடுங்குவதால் யாருக்கும் பயனில்லை. ஆகவே, இயற்பியல் கற்பிக்கும் நான் மீனைப் பற்றிக் கொஞ்சம் பேசத் துணிகிறேன்.

தேளி நன்னீர் மீன். கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. கடலில் தேள் மீன்கள் என்று வேறொரு பெருங்கூட்டம் இருக்கிறது. தேளிக்கும் அவற்றுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. மீன்களிடையே விஷம் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததன்று. பரிணாமத்தில் 18 தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. விஷமுள்ள மீன் இனங்கள் 2,000-க்கும் அதிகம் என்பதும் அதே ஆய்வின் கணக்கு. விஷப் பாம்பு இனங்களைவிட இது அதிகம் என்றால் வியப்பாக இல்லையா?

தேள் மீன் கூட்டத்தில் மூவரை மட்டும் அறிமுகம் செய்கிறேன். பாறையோடு பாறையாக நிறம் மாறிக் கிடக்கும் சாதாரணத் தேள் மீன் ஒன்று. செந்நிற வரிகளும், விசிறி போல் விரிந்த துடுப்புகளும், மெலிந்து நீண்ட முட்களும் கொண்ட சிங்க மீன் இரண்டாவது. மூன்றாவது கல்மீன். இதுதான் கூட்டத்திலேயே கொடியது. செங்கடலிலிருந்து ஆஸ்திரேலியாவின் பவளத் திட்டுகளைத் தாண்டிப் பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. நமது மன்னார் வளைகுடாவிலும் உண்டு. கரடுமுரடான தோலில் பாசி படிந்து, அசையாமல் கிடக்கும். பக்கத்தில் கிடந்தாலும் கல் என்றுதான் நினைப்போம்.

கல்மீனின் முதுகில் 13 முட்கள். ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் ஒரு நீளவாட்டுப் பள்ளம் ஓடுகிறது. அந்தப் பள்ளத்தையொட்டி விஷப் பை ஒன்று இருக்கிறது. முள்ளையும் பைகளையும் தடித்த தோல் உறைபோல் மூடியிருக்கிறது. பாம்புக்கு விஷப் பையைப் பிழிவதற்குத் தசை உண்டு. கடித்து விஷத்தைச் செலுத்தவும் முடியும், செலுத்தாமல் விடவும் முடியும். கல்மீனுக்கோ பையைப் பிழியும் தசையே கிடையாது. முட்களை நிமிர்த்திக்கொள்ள மட்டுமே அதனால் முடியும். அப்படியானால் பையைப் பிழிவது யார்?

மிதிப்பவரின் கால்தான்! கால் அழுத்தும்போது முள் மேலே ஏறுகிறது. உறை கீழே தள்ளப்படுகிறது. தள்ளப்பட்ட உறை பைகளை நசுக்க, விஷம் பள்ளத்தின் வழியாகப் பீய்ச்சி மேலேறிக் காயத்துக்குள் போகிறது. ஊசி மருந்துக் குழாயின் தண்டை அமுக்குவது போன்ற வேலை இது. குழாய் மீனுடையது, அமுக்கும் விசை நம்முடையது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் ஒரு காலில் 250 நியூட்டன் எடை இறங்குகிறது என்று கொள்ளுங்கள். உள்ளங்காலின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்றால், தரை மீது அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் கால் பங்குதான். அதே விசை ஒரு சதுர மில்லிமீட்டர் முனை மீது இறங்கினால்? பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அழுத்தம் பத்தாயிரம் மடங்கு. ஏறத்தாழ 2,500 வளிமண்டலம்! உண்மையில் முழு எடையும் ஒரே முள்ளில் இறங்குவதில்லை. பல முட்களிலும் மணலிலும் பகிரப்படும். ஆனாலும் மெல்லிய ரப்பர் செருப்பு ஏன் காப்பாற்றாது என்பது இதிலிருந்து புரிந்துவிடும். பவளத் திட்டில் நடப்பவர்கள் தடித்த அடிப்பாகமுள்ள காலணி அணிவதும், காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசித் தேய்த்து நடப்பதும் இந்தக் கணக்கை அறிந்த வழக்கங்களே. உரசி நடக்கும் கால் மீனைப் பக்கவாட்டில்தான் தொடும்.

இரை பிடிக்க இந்த முட்கள் உதவுவதில்லை என்பதையும் கவனியுங்கள். இரையை அது வாயைத் திறந்து உறிஞ்சிவிடுகிறது. இமைக்கும் நேரம்கூட ஆகாது. முட்கள் முழுக்க முழுக்கத் தற்காப்புக்கு. "கல்மீன் தாக்கியது" என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்த வினைச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும். படுத்துக் கிடந்ததைத்தான் மிதித்தார்கள்.

குத்துப்பட்டவர் படும் வேதனை சாமானியமானதன்று. சீலகாந்த் என்ற பழைமையான மீனை 1938-இல் கிடைத்த மாதிரியிலிருந்து உலகுக்கு அடையாளம் காட்டிய தென்னாப்பிரிக்க அறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித்தையே கல்மீன் குத்தியது. அவர் அந்த அனுபவத்தை ஆய்வுக் குறிப்பாக எழுதி 1951-இல் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் சால் வீனர் என்ற மருத்துவ அறிஞர் குதிரைகளின் உடலில் எதிர்ப்பொருளை உண்டாக்கி மாற்று மருந்து உருவாக்கினார். 1959 முதல் அது பயன்பாட்டில் இருக்கிறது. அதன் அளவை நிர்ணயிக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. காலில் உள்ள துளைகளை எண்ணுகிறார்கள். ஒன்று அல்லது இரண்டு துளைகளுக்கு ஒரு குப்பி. மூன்று, நான்கு என்றால் இரண்டு குப்பி. ஐந்தோ அதற்கு மேலோ என்றால் மூன்று குப்பி. ஒவ்வொரு முள்ளும் தனிக் குழாய் என்பதால் துளையின் எண்ணிக்கையே விஷத்தின் அளவுக்கு வழிகாட்டுகிறது.

இனி வெந்நீருக்கு வருவோம். இந்த மீன்களின் விஷத்தில் முக்கியமானவை புரதங்கள். கல்மீன் விஷப் புரதம் ஒன்றின் முப்பரிமாண அமைப்பை 2015-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். செல்களின் சவ்வில் துளையிடும் வகையைச் சேர்ந்தது அது. புரதம் நீண்ட சங்கிலி. ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருந்தால்தான் வேலை செய்யும். சூடேற்றினால் மடிப்பு குலைந்துவிடும். முட்டையின் வெண்கரு வெந்து வெளுப்பது இப்படித்தான். வெண்கரு 60 டிகிரி செல்சியசைத் தாண்டித்தான் கெட்டியாகத் தொடங்குகிறது. மீன் விஷப் புரதங்கள் அதைவிட நொய்மையானவை. சோதனைக் குழாயில் 50 டிகிரி வெப்பமே அவற்றின் வீரியத்தைக் கெடுத்துவிடுகிறது.

ஆகவே வெந்நீர் விஷத்தை அழிக்கிறது என்று பல நூல்கள் முடித்துவிடுகின்றன. இங்கே சற்று நில்லுங்கள். உங்கள் கால் சோதனைக் குழாயா? அதற்குள் 37 டிகிரி இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் போல வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. தோலுக்கு வெளியே 45 டிகிரி என்றால் ஆழத்தில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலும், நமது தசையும் தோலும் புரதங்களால் ஆனவைதாமே? விஷத்தைக் குலைக்கும் சூடு நம்மைக் குலைக்காமல் விடுமா? 60 டிகிரி நீரில் சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். அதனால்தான் சூடு வலி உணர்வு நரம்புகளின் செய்தியை மட்டுப்படுத்துகிறது, நிவாரணத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று வேறு சில விஞ்ஞானிகள் வாதிடுகிறார்கள். வெந்நீர் வலியைத் தணிக்கிறது என்பது மருத்துவர்கள் கண்டறிந்த உண்மை. விஷத்தை அழிப்பதால் தணிக்கிறது என்பது ஒரு விளக்கம்; அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் இவற்றை இரண்டு தனி வாக்கியங்களாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம் நமது மொழி சம்பந்தப்பட்டது. பாம்பின் பல்லில் இருப்பதும் விஷம், அரளி விதையில் இருப்பதும் விஷம் என்கிறோம். உடலுக்குள் குத்தி ஏற்றப்படுவதும், தின்று ஏறுவதும் நமக்கு ஒரே சொல். இந்தக் குழப்பம் தமிழனுக்கு மட்டும் உரியதன்று என்பதற்குச் சிங்க மீன் சாட்சி. அதன் தாயகம் இந்தியப் பெருங்கடலும் பசிபிக்கும். அழகுக்காக மீன் தொட்டிகளில் வளர்த்தவர்கள் சிலர் அதைக் கடலில் விட்டுவிட, 1985-இல் அமெரிக்காவின் புளோரிடா கரையில், அட்லாண்டிக்கில் அது முதன்முதலாகக் காணப்பட்டது. இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி, பிரேசில் வரை போய்விட்டது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு 20 லட்சம் முட்டைகளுக்கு மேல் இடும். பஹாமாஸ் தீவுகளில் நடத்திய ஓர் ஆய்வில், சிங்க மீன் விடப்பட்ட பவளத் திட்டுகளில் புதிதாக வந்து சேரும் குஞ்சு மீன்கள் ஐந்தே வாரத்தில் 79 சதவீதம் குறைந்தன. 2008-இல் இது வெளியாயிற்று.

என்ன செய்வது? பிடித்துத் தின்பதே வழி என்று 2010-இல் அமெரிக்க அரசின் கடல்துறை பிரசாரமே தொடங்கியது. ஆனால் "விஷ மீனையா தின்பது?" என்று மக்கள் தயங்கினார்கள். விஷம் முட்களில்தான் இருக்கிறது, சதையில் இல்லை. சமையல் சூட்டில் அதுவும் சிதைந்துவிடும் என்று விளக்க வேண்டியிருந்தது. ஜப்பானியர்கள் கல்மீனின் உறவு மீன்களை விரும்பி உண்பவர்கள் என்பதைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதற்காக எல்லா மீன் விஷமும் வேகவைத்தால் போய்விடும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேத்தை மீனின் நஞ்சு புரதமன்று. கொதிக்க வைத்தாலும் அது போகாது. சில பவளக் கடல்களில் நுண்ணுயிர்களிடமிருந்து இரை வழியாகப் பெரிய மீன்களின் சதையில் சேரும் நஞ்சும் அப்படித்தான். அத்தகைய இடங்களில் சிங்க மீனுக்கும் அது விதிவிலக்கில்லை. எந்த விஷம், எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்று கேட்காமல் "விஷ மீன்" என்று ஒரே பட்டத்தைச் சூட்டுவதில் உள்ள ஆபத்து இப்போது தெரிகிறதல்லவா?

கடலோரத்தில் வாழும் மாணவர்களுக்கும், தேளி உள்ள வாய்க்காலில் இறங்குபவர்களுக்கும் நான் விட்ட எண்களைச் சொல்லிவிடுகிறேன். நீரின் வெப்பநிலை 45 டிகிரி செல்சியசுக்கு மேல் போகக் கூடாது. நேரம் 30 முதல் 90 நிமிடம். குத்துப்பட்ட காலால் சூட்டைச் சோதிக்காதீர்கள். வலியில் இருக்கும் கால் சரியாகச் சொல்லாது. நல்ல காலை, அல்லது உடன் இருப்பவர் கையை, முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறி உறிஞ்சுவதும் வேண்டாம். வலி தணிந்தாலும் மருத்துவரிடம் போயாக வேண்டும். முள் துணுக்கு உள்ளே தங்கியிருக்கலாம், சீழ் பிடிக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம்.

45 டிகிரி என்றால் எவ்வளவு சூடு என்று உங்கள் கை அறியுமா? பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெப்பமானி ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, நீங்கள் வழக்கமாகக் குளிக்கும் வெந்நீரின் வெப்பநிலையை முதலில் அளந்து பாருங்கள். பிறகு ஒரு வாளியில் 45 டிகிரி நீரை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போடுங்கள். தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கோடு இறங்கும். நியூட்டனின் குளிர்தல் விதி அதுதான். வாளிக்குப் பதில் அகன்ற தட்டில் வைத்துப் பார்த்தால் கோடு இன்னும் செங்குத்தாக விழும். 90 நிமிடமும் சூடு நிற்க வேண்டுமானால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை வெந்நீர் சேர்க்க வேண்டும் என்பதை அந்த வரைபடத்திலிருந்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். வெந்நீரை ஊற்றும்போது மட்டும் கால் பாத்திரத்துக்கு வெளியே இருக்கட்டும்.