இருண்ட வருடம் தந்த வெளிச்சம்



2022ஆம் ஆண்டை, பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்த எங்களால் மறக்க முடியாது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு. செப்டெம்பரில் உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டை விட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. மஹபொலப் பணம் மாத நடுவிலேயே தீர்ந்துவிடும்.

"படித்தது போதும், பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு கலியாணத்தைப் பேசுங்கள்" என்று உறவினர் வாப்பாவிடம் சொன்னார்கள். உம்மாதான், "அவள் படிக்கட்டும்" என்று உறுதியாக நின்றார்.

அறையில் நாங்கள் நால்வர். விறகடுப்பில் ஒரே சட்டியில் சமைத்தோம். ஸுபஹுக்குப் பின், பகல் வெளிச்சம் வந்ததும் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுத்தோம். யார் கையில் காசில்லை என்று கேட்காமலேயே பங்கிட்டுக்கொண்டோம். இருப்பதைக் கொண்டு அன்றைய கடமையை அன்றே முடிப்பதும் ஸப்ர்தான் என்பதை அந்த வருடம் கற்றுத் தந்தது. அல்ஹம்துலில்லாஹ், நால்வருமே பரீட்சை எழுதினோம்.

தாய்மாரே! விடுதியிலிருந்து மகள் "கஷ்டமாக இருக்கிறது" என்று சொன்னால், படிப்பை நிறுத்த யோசிக்குமுன், "என்ன தேவை மகள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வறுத்த அரிசிமாப் பார்சல் ஒன்றும் உங்கள் துஆவும் சில வேளை ஒரு பட்டத்தையே காப்பாற்றிவிடும்.