ரெண்டாவது கையெழுத்து

பெண் பார்க்கப் போகும்போது கூட வரும் நண்பனுக்கு இரண்டே வேலை. மாப்பிள்ளையைவிட சுமாராக இருக்க வேண்டும் (எனக்கு அது இயற்கையாகவே வரும்!). பஜ்ஜியை மறுக்காமல் சாப்பிட வேண்டும்.

2014. கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் புழுக்கம். நண்பன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டான். முழங்கையெல்லாம் வெள்ளைச் செதில். நான் நைசாக ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லாமல் மடிப்பை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

சிதம்பரத்தில் கேசரி நன்றாகத்தான் இருந்தது. பெண்ணின் மாமா கண்ணில் அவன் மணிக்கட்டு பட்டது.

"தொத்து வியாதியா தம்பி?"

"இல்லீங்க, சொரியாசிஸ்."

போனில் சொல்வதாகச் சொன்னார்கள். இன்றுவரை போன் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவனே பேசினான். "நீ பி.காம்.தானே? செக்ல ரெண்டு பேர் கையெழுத்து விழுந்தாதான் பணம் வரும். உடம்புல டி செல்னு காவல்காரன். அவன் சண்டைக்குக் கிளம்பவும் ரெண்டு கையெழுத்து வேணும். எனக்குக் கிருமியே இல்லாம ரெண்டும் விழுந்துடுது. ஒரு மாசத்துல உதிர வேண்டிய தோல், சில நாள்லயே மேல வந்து குவியுது. என் ஆளுங்களே என்னை அடிக்கிறாங்க. உனக்கு எப்படிடா தொத்தும்?"

ஆலப்பாக்கம் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

களிம்பு, மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் டாக்டர் எழுதிக்கொடுத்தது இடோலிசுமாப். கியூபாவின் ஹவானாவில் பிறந்து, பெங்களூர் பயோகானில் வளர்ந்து, 2013-ல் சொரியாசிஸுக்கு விற்பனைக்கு வந்த ஆன்டிபாடி. டி செல்லின் மேல் இருக்கும் சிடி6 என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"அந்த ரெண்டாவது கையெழுத்துப் போடற பேனாவைப் பிடிச்சுக்கும். ஆளை டிஸ்மிஸ் பண்ணாது" என்றார் டாக்டர். முதலில் டி.பி. டெஸ்ட் எடுத்தார்கள். காவல் தளரும் நேரத்தில் தூங்கும் டி.பி. விழித்துக்கொள்ளக் கூடாதாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக. முதல் நாள் அவனுக்குக் குளிர் நடுக்கம். நர்ஸ் வரும்வரை அந்தச் செதில் கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எல்லோருக்கும் கேட்கும் மருந்தில்லை. அடியோடு தீர்ப்பதும் இல்லை. ஆனால் அவனுக்குச் செதில் நன்றாகவே குறைந்தது. இப்போதெல்லாம் அரைக்கைச் சட்டைதான்.

பஸ் ஏறினால் மட்டும் ஜன்னல் சீட்டை எனக்குத் தந்துவிடுவான்.

"உட்காருடா... நகர்றதுக்கு இடம் வேணுமில்ல!"